பக்கத்து மேசை லூயியும் ஊரார் முதுகுப் பைகளும்

பிசியோதெரபி என்பது, வலிக்கிற இடத்தைக் காட்டுகிறவரிடம் வலிக்காத சங்கதிகளைப் பற்றிக் கேள்வி கேட்டுக் கெட்ட பெயர் வாங்குகிற தொழில். கழுத்து வலி என்று வருவார்கள். "பை எவ்வளவு கனம்? எந்தத் தோள்ல போடுறீங்க?" என்று நான் கேட்பேன். கழுத்தைக் காட்டினால் பையை விசாரிக்கிறானே, இவனுக்கு விஷயம் தெரியுமா என்று ஒரு பார்வை வரும். அது எனக்குப் பழகிவிட்டது. பழகாதது வேறொன்று.

உங்களில் பலருக்கு முதுகு வலி இருக்கும். அதற்கு ஆறுதல் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதுவது இன்னொரு வகை வலிக்காரர்களுக்காக. உங்கள் பக்கத்து மேசையில், உங்களைப் போலவே படித்து, உங்களோடு வேலைக்குச் சேர்ந்து, உங்களைவிட எல்லாருக்கும் பிடித்துப்போன ஒருவன் உட்கார்ந்திருக்கிறானா? அப்படியானால் நாம் சொந்தக்காரர்கள். வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

என் பக்கத்து மேசைக்காரன் பெயர் லூயி. புதுச்சேரி உப்பளம் பகுதியில் ஓர் எலும்பு டாக்டரம்மாவின் கிளினிக் மாடியில், நீளமான ஒரே அறையில், எனக்கு ஒரு மேசை, அவனுக்கு ஒரு மேசை. இருவரும் ஒரே மாதத்தில் சேர்ந்தோம். மதிப்பெண் எனக்குத்தான் அதிகம். இதை நான் அவனிடம் சொன்னதில்லை. அவன் கேட்டதும் இல்லை. அதுதான் எரிச்சல்.

லூயி சொல்தா வீட்டுப் பிள்ளை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர்களின் குடும்பத்தை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவன் அப்பா சாப்பாட்டு மேசையில்கூடப் பிள்ளைகளைக் கூனவிட மாட்டாராம். அதன் பலன், லூயி எங்கே நின்றாலும் பின்னால் ஒரு சுவர் இருப்பது போலவே நிற்பான். நான் பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். தினமும் பையை மாட்டிக்கொண்டு, பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருகிறவன். நான் அறைக்குள் நுழைவதற்குச் சற்று முன்பே என் தலை நுழைந்துவிடும். முதுகைப் பற்றி ஊருக்குச் சொல்கிற வேலையில் இது பெரிய இடைஞ்சல் என்பதை முதல் வாரமே தெரிந்துகொண்டேன்.

நேராக நிற்கிறவர்

ஆறாம் வகுப்புப் பையனை ஓர் அம்மா அழைத்து வந்தார். சாயங்காலமானால் முதுகு வலிக்கிறது என்று அழுகிறானாம். பையனோடு பையும் வந்திருந்தது. பை பின்பக்கத்தைத் தாண்டித் தொங்கியது. தூக்கிப் பார்த்தேன், என் தோளே ஒரு பக்கம் இறங்கியது.

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. படம் வரைந்து விளக்கினேன். "பை பின்னால இழுக்குதும்மா. கீழ விழாம இருக்க உடம்பு இடுப்புலேர்ந்து முன்னால சாயுது. உடம்பு சாஞ்சா பாதை தெரியணும்ல? அதனால தலைய நீட்டி மேல தூக்குறான். கழுத்து, தோள், நடு முதுகு மூணும் நாள் பூரா அந்தப் பாரத்தோட மல்லுக்கட்டுது. பைய மேல தூக்கி, முதுகோட ஒட்டுற மாதிரி தோள் வார இறுக்குங்க. கனமான புஸ்தகத்த முதுகுப் பக்கமா வைங்க. உடம்பு எடையில பத்துல ஒரு பங்குக்கு மேல போகாம பாத்துக்குங்க."

அந்த அம்மா எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார். ஆனால் அவர் பார்வை படத்தில் இல்லை, என் கழுத்தில் இருந்தது. பிறகு மெல்லத் திரும்பி, ஜன்னலோரம் நின்றிருந்த லூயியைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி மரியாதையாகத்தான் கேட்டார்: "தப்பா நெனச்சுக்காதீங்க சார், அந்த நேரா நிக்கிற சார் கிட்டயும் ஒருவாட்டி காட்டிரலாமா?"

உதவியாளர்

வெயில் காலத்தில் ஒரு பிரெஞ்சுப் பெண் ஆட்டோவில் வந்து இறங்கினாள். பல நாடு சுற்றி வருகிறவள். அவள் முதுகில் இருந்த பை அவள் தலைக்கு மேலே எட்டிப் பார்த்தது. கைவிரல்கள் மரத்துப் போகின்றன என்பது புகார். லூயி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவளோடு பிரெஞ்சில் பேச ஆரம்பித்தான். அவன் ஒன்று சொல்ல அவள் சிரிக்க, அவள் ஒன்று சொல்ல அவன் சிரிக்க, மரத்துப்போன விரல்களை மூன்றாவதாக ஒருவன்தான் கவனிக்க வேண்டியிருந்தது.

கவனித்தேன். அந்த மாதிரிப் பயணப் பைகளில் இடுப்பைச் சுற்றிக் கட்ட ஓர் அகலமான பட்டை இருக்கும். பாரத்தைத் தோளிலிருந்து இறக்கி இடுப்பெலும்பின் மேல் உட்கார வைப்பதற்காகவே அது இருக்கிறது. அவள் அதைக் கட்டாமல், பைக்குப் பின்னால் வால் போல விட்டிருந்தாள். முழுப் பாரமும் தோள் வாரில் தொங்கி, கைக்குப் போகும் நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. நான் தரையில் மண்டி போட்டு, பட்டையை முன்னால் இழுத்துக் கட்டி, தோள் வாரைக் கொஞ்சம் தளர்த்தி, நடந்து பார்க்கச் சைகை காட்டினேன். அவள் முகம் மலர்ந்தது. குடிக்கத் தண்ணீரும் கொடுத்தேன்.

கிளம்பும்போது லூயியின் கையைப் பிடித்துக் குலுக்கி ஏதோ நீளமாகச் சொன்னாள். என்னைக் காட்டியும் ஒரு வார்த்தை சொன்னாள். என்ன சொன்னாள் என்று நானாகக் கேட்டிருக்கக் கூடாது. லூயிக்கு மறைக்கத் தெரியாது. கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டுச் சொன்னான்: "உங்க உதவியாளர் நல்லா வேலை கத்துக்கிட்டு வர்றாருன்னு சொல்றாங்க குணா!"

ஒரு தோள் ஸ்டைல்

கல்லூரிப் பையன் ஒருவன். பையை எப்போதும் வலது தோளில் மட்டும் மாட்டுவான். வார் நழுவாமல் இருக்க அந்தத் தோளை உயர்த்தியே வைத்து வைத்து, பை இல்லாதபோதும் அது உயர்ந்தே நின்றது. இடுப்பு எதிர்ப்பக்கம் தள்ளியிருந்தது. இரண்டு தோளிலும் மாட்டச் சொன்னேன். "எல்.கே.ஜி. பையன் மாதிரி இருக்கும் சார்" என்றான். தசை, எலும்பு, நரம்பு என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது லூயி வீட்டுக்குக் கிளம்பினான். தன் பையை எடுத்து இரண்டு தோளிலும் மாட்டி, வாரை இழுத்துவிட்டு, எங்களைக் கடந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டுப் படி இறங்கினான். அவ்வளவுதான். பையன் வாயைத் திறந்தபடி பார்த்தான். அடுத்த முறை வரும்போது இரண்டு தோளிலும் பை. என் முன்னால் ஒரு சுற்றுச் சுற்றி நின்று, முழு நம்பிக்கையோடு என்னிடமே கேட்டான்: "லூயி சார் மாதிரி வருதா சார்?"

நட்சத்திரம்

இப்போது எல்லாவற்றுக்கும் நட்சத்திரம் போடுகிறார்கள். எங்கள் கிளினிக்குக்கும் போடுவார்கள். டாக்டரம்மா காலையில் காபி குடித்துக்கொண்டே அவற்றை வாய்விட்டுப் படிப்பார். "லூயி சார் அருமை." "லூயி சார் கை ராசியான கை." "லூயி சார் சிரிச்சாலே பாதி வலி போயிடுது." நான் அந்த நேரத்தில் சுடுநீர்ப் பைகளை எண்ணுவது போல் பாவனை செய்வேன்.

பிரபு என்று ஒரு பையன் வந்தான், சாப்பாடு டெலிவரி செய்கிறவன். முதுகில் பெட்டி போல் சதுரமான பை. இடுப்புக்கு மேலே தாங்க முடியாத வலி. கீழே அழைத்துப் போய் அவனை வண்டியில் உட்காரச் சொல்லிப் பார்த்தேன். தோள் வார்கள் தொளதொளவென்று இருந்தன. பை சீட்டைத் தாண்டிப் பின்னால் அந்தரத்தில் தொங்கி அவனைப் பின்னுக்கு இழுத்தது. அதை ஈடுகட்ட அவன் ஹேண்டிலின் மேல் கவிழ்ந்துகொண்டு ஓட்டினான். பையின் அடிப்பாகம் பின்சீட்டில் உட்காருகிற உயரத்துக்கு வாரைச் சரிசெய்து கொடுத்தேன். ஆர்டருக்குக் காத்திருக்கும்போது பையைக் கழற்றி வை என்றேன். சில பயிற்சிகள் சொல்லித் தந்தேன். ஒழுங்காகச் செய்தான். வலி விட்டது.

"சார், எனக்குத் தெரியும் சார் ஸ்டாரோட அருமை. உங்களப் பத்தி நான் எழுதுறேன் பாருங்க" என்று சத்தியம் செய்துவிட்டுப் போனான். மறுநாள் காலை டாக்டரம்மா போனை எடுத்தபோது நான் சுடுநீர்ப் பைகளின் பக்கமே போகவில்லை. எதிரே நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஐந்து நட்சத்திரம்தான், ஒன்றும் குறைக்கவில்லை. டாக்டரம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார்: "லூயி சார் பக்கத்து மேசையில இருக்கிறவரும் நல்லாத்தான் பாக்குறாரு."

வீட்டு நோயாளி

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். என் மனைவி சுமதி விஷயம்தான் சுலபமாக ஆறவில்லை. சுமதி டவுனில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். லேப்டாப், சாப்பாடு, தண்ணீர் பாட்டில், குடை எல்லாம் ஒரே பையில். கழுத்தில் ஆரம்பித்துத் தோள்பட்டை வரை வலி. வீட்டில் எத்தனையோ முறை சொன்னேன். வாரை நானே இழுத்துச் சரிசெய்வேன். அவள் தெருமுனையில் அதைத் தளர்த்திக்கொள்வாள். "இறுக்கினா மூச்சு முட்டுதுங்க" என்பாள்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினால், லூயியின் சிகிச்சைக் கட்டிலில் சுமதி. திரைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். நான் சொன்ன அதே வார்த்தைகள். பை இடுப்புக்குக் கீழே இறங்கக் கூடாது, முதுகோடு ஒட்டியிருக்க வேண்டும், தேவையில்லாததை எடுத்துவிட வேண்டும். ஒரு வரி கூடுதல் இல்லை, ஒரு வரி குறைவில்லை. சுமதி "ஓ... அப்படியா" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அந்த "அப்படியா"வை நான் கேட்டதே இல்லை.

சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தாள். கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டினாள். வலி குறைந்திருக்கிறதாம். நான் ஜன்னல் வழியே கரும்புத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் தோளைத் தட்டி, புதிதாக ஒரு ரகசியம் சொல்வது போலச் சொன்னாள்: "பைய முதுகோட ஒட்டி மேல தூக்கிப் போடணுமாம், உங்களுக்குத் தெரியுமா?"

மேடைக்குப் பின்னால்

ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்து டாக்டரம்மாவைக் கேட்டிருந்தார்கள். பிள்ளைகளுக்குப் பையும் முதுகும் பற்றிப் பேச வேண்டும். "ரெண்டு பேருமே போங்க" என்றார். நான் படங்களோடு ஒரு பேச்சைத் தயாரித்தேன். முதுகெலும்பின் வளைவுகள், வட்டுகள், பாரம் போகும் வழி எல்லாம் அதில் இருந்தன. நான் பேசி முடித்தபோது முதல் வரிசையில் ஒரு பிள்ளை தூங்கிப்போயிருந்தது. தலைமை ஆசிரியை கை தட்டினார், கடமைக்கு.

அடுத்து லூயி. கையில் ஒரு தாள்கூட இல்லை. சில பிள்ளைகளைப் பையோடு மேடைக்கு வரச் சொன்னான். நடக்கச் சொன்னான். அவர்கள் முன்னால் சாய்ந்து நடப்பதைப் போலவே தானும் நடந்து காட்டினான், ஆமை மாதிரி தலையை நீட்டிக்கொண்டு. அரங்கமே உருண்டு சிரித்தது. "இப்ப பைய எறக்குங்க. நிமிருங்க. பாத்தீங்களா?" கைதட்டல் காதைப் பிளந்தது. நான் மேடையின் பின்பக்கம், திரையோரம், கையில் உபயோகமில்லாத படங்களோடு நின்றிருந்தேன். அவன் எங்கேயாவது தப்பு செய்கிறானா என்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை.

அப்போதுதான் பார்த்தேன். லூயி பிள்ளைகளை முன்பக்கமிருந்து பார்த்தான், நான் பின்பக்கமிருந்து பார்த்தேன். பையை இறக்கியதும் எல்லா முதுகும் நேரானது, ஒன்றைத் தவிர. ஓரத்தில் நின்ற எட்டாம் வகுப்புப் பெண், இரட்டைப் பின்னல். பை கீழே கிடந்தது, ஆனால் வலது தோள் இறங்கவில்லை. வலது தோள்பட்டை எலும்பு சட்டைக்குள் புடைத்துத் தெரிந்தது. பையால் வந்த சாய்வு பையை இறக்கினால் போக வேண்டும். இது போகவில்லை.

மைக் எனக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. "லூயி, ஒண்ண விட்டுட்ட" என்று ஒரே வரி. தலைமை ஆசிரியை, பிள்ளைகள், எல்லோர் முன்னாலும். அந்த வரி நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்தது. எத்தனை வருஷத்துக் கணக்கை அது தீர்த்திருக்கும்! ஆனால் அந்தப் பெண் கீழே இருந்த தன் தோழிகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அத்தனை பேர் முன்னால் அவள் முதுகைச் சுட்டிக்காட்ட முடியாது. விழுங்கினேன்.

கூட்டம் கலைந்ததும் விளையாட்டு டீச்சரிடம் சொல்லி, ஒரு வகுப்பறையில் அவளைப் பார்த்தேன். டீச்சரும் கூடவே இருந்தார். பெயர் காவ்யா. கால்களைச் சேர்த்து, கைகளைத் தொங்கவிட்டு முன்னால் குனியச் சொன்னேன். முதுகின் வலது பக்கம் இடது பக்கத்தைவிட மேடாக எழுந்து நின்றது. எனக்குச் சந்தேகம் தீர்ந்தது. "பை ரொம்பக் கனமா இருக்குமாம்மா?" என்று டீச்சர் அவளைக் கேட்டார். காவ்யா நிமிர்ந்து, சாதாரணமாகச் சொன்னாள்: "நான் எங்க மிஸ் தூக்குறேன், எங்கம்மாதான் தெனமும் ஸ்கூல் கேட்டு வரைக்கும் தூக்கினு வர்றாங்க."

அம்சா

மறுநாள் அம்மாவும் மகளும் கிளினிக்குக்கு வந்தார்கள். அம்மா பெயர் அம்சா. வைத்திக்குப்பம். கரையில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கிறவர். காலை வியாபாரத்தைப் பாதியில் விட்டு வந்திருந்தார். கூடையை மாடிப்படியின் கீழே வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துத் துடைத்து உட்கார்ந்தார். காவ்யாவின் தோள் சாய்வதை அவர் ஏற்கெனவே பார்த்திருக்கிறார். பை தூக்கித்தான் இப்படி என்று அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து பையை அவரே சுமக்கிறார். தலையில் கூடை, தோளில் மகளின் பை.

"பைய நாந்தான தூக்குறேன். அப்பவும் இவ ஏன் சார் நிமிர மாட்டேங்குறா?" என்று கேட்டார். எக்ஸ்ரே பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னதை நான் அவருக்கு மெதுவாகச் சொன்னேன். வளர்கிற வயதில் சில பிள்ளைகளுக்கு, பெண் பிள்ளைகளுக்கு அதிகமாக, முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும். ஏன் என்று பெரும்பாலும் தெரியாது. பை கனமாக இருந்தால் முதுகு வலிக்கும், சாயும், கூனும். ஆனால் இந்த வளைவைப் பை கொண்டுவருவதில்லை. "நீங்க செஞ்ச தப்பும் இல்லம்மா, அவ செஞ்ச தப்பும் இல்ல. நிமிர்ந்து நில்லுன்னு சொன்னா நிமிர்ற வளைவே இல்ல இது."

ஆறுதலாகத்தான் சொன்னேன். அம்சா பக்கத்தில் இருந்த மகளின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மாடிப்படியில் யாரோ ஏறி வந்தார்கள், இறங்கிப் போனார்கள். பிறகு, என்னைப் பார்க்காமல் கேட்டார்: "அப்ப, நேரா நில்லுடின்னு இவள நான் அடிச்சதெல்லாம்?"

லூயி பார்த்தது

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து லூயி நெடுநேரம் பார்த்தான். இதற்காக நான் காத்திருந்தேன் என்பதை ஒளிக்கவில்லை. அவன் என்ன சமாதானம் சொல்வான், அதற்கு நான் என்ன சொல்வேன் என்று பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்திருந்தேன். முன்பக்கம் நின்றேன், தெரியவில்லை என்பான். முதுகைப் பார்க்க வந்தவன் முன்பக்கம் ஏன் நின்றாய் என்று கேட்பேன்.

அவன் சமாதானமே சொல்லவில்லை. நேராக டாக்டரம்மாவிடம் போய், இதைக் குணாதான் கண்டுபிடித்தான், நான் தவறவிட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தான். தப்பை ஒத்துக்கொள்வதில்கூட அவன் என்னைவிட அழகாக இருந்தான். எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள். அன்று பூரா அவன் வழக்கம்போலச் சிரிக்கவில்லை. கிளம்பும்போது என் மேசையருகே வந்து நின்று சொன்னான்: "பசங்க சிரிக்கிறாங்களான்னு பாத்துட்டு இருந்துட்டேன் குணா, நீதான் முதுக பாத்த."

சொல்தா சட்டை

பெரிய ஆஸ்பத்திரியில் காவ்யாவுக்குப் பிரேஸ் போட்டார்கள். அக்குளிலிருந்து இடுப்பு வரை இறுகப் பிடிக்கிற பிளாஸ்டிக் கவசம். வளைவு கூடாமல் தடுக்க அதைப் பகலும் இரவும் போட வேண்டும். புதுச்சேரி வேர்வையில், சீருடைக்குள், எட்டாம் வகுப்புப் பெண். இரண்டாம் வாரமே கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். அம்சா கண்டுபிடித்து அழைத்து வந்தார். இந்தத் தடவை கை ஓங்கவில்லை, அழுதார்.

நான் காவ்யாவை உட்கார வைத்து உண்மையைச் சொன்னேன். போடாவிட்டால் வளைவு கூடும், கூடினால் ஆபரேஷன் வரை போகலாம். ஒரு வார்த்தையும் பொய்யில்லை. அவள் குனிந்த தலை நிமிரவில்லை. லூயி தன் கட்டிலில் இருந்த ஆளை அனுப்பிவிட்டு வந்தான். பிரேஸைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்தான். "இது எங்கப்பா பட்டாளத்துல போட்டிருந்த சட்டைய விட ஸ்ட்ராங்கா இருக்கே. இதுக்குப் பேரு சொல்தா சட்டை, தெரியுமா? இத போட்டுக்கினு யாராச்சும் முதுகுல குத்தினா அவங்க கைதான் வலிக்கும். போட்டுட்டு வா, குத்திப் பாக்குறேன்." அவள் உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். லூயி மெல்லக் குத்திவிட்டு "ஐயோ" என்று கையை உதறிக்கொண்டு அறை முழுக்க ஓடினான். அவள் சிரித்தாள். அம்சாவும் சிரித்தார்.

அதற்குப் பிறகு அவள் கழற்றவில்லை. பள்ளிக்கூடத்தில் தோழிகளையும் குத்திப் பார்க்கச் சொன்னாளாம். கண்டுபிடித்தது நான், பயிற்சி சொல்லித் தருவது நான், ஆனால் அவள் வந்ததும் தேடுவது அவனை. "என்னம்மா, என் பேச்ச மட்டும் கேக்க மாட்டேங்குற?" என்று விளையாட்டாகக் கேட்பது போல் ஒருநாள் கேட்டேன். காவ்யா யோசித்து, பிள்ளைகளுக்கே உரிய நியாயத்தோடு பதில் சொன்னாள்: "நீங்க சொன்னா எனக்கு ஒடம்பு சரியில்லன்னு தோணுது சார், லூயி சார் சொன்னா சரியாயிடும்னு தோணுது."

வஞ்சிரம்

பல மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் வளைவு கூடவில்லை. குறைந்ததா என்று கேட்காதீர்கள். கூடாமல் நின்றாலே எங்கள் தொழிலில் அது பெரிய செய்தி. நான் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். காவ்யா இன்னும் சில வருஷம் பிரேஸ் போட வேண்டும். ஆனால் ஆபரேஷன் பேச்சு இப்போதைக்கு இல்லை என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

அடுத்த நாள் அம்சா வந்தார். கையில் இரண்டு பொட்டலங்கள். ஒன்று பெரியது, ஒன்று சின்னது. பெரியதை என் மேசையில் வைத்தார். சின்னதை லூயியின் மேசையில் வைத்தார். எனக்கு நம்ப முடியவில்லை. பொட்டலம் மாறிவிட்டதோ என்று தயங்கினேன். அம்சா என் காதருகே குனிந்து, லூயிக்குக் கேட்காதபடி சொன்னார்: "ஒங்களுக்கு வஞ்சிரம், அந்த சாருக்கு சங்கரா. மொதல்ல பாத்தது யாருன்னு எனக்குத் தெரியாதா சார்?"

அந்தக் கணத்தில் யாராவது என்னைப் பக்கவாட்டில் படம் பிடித்திருந்தால் பாடப் புத்தகத்தில் போட்டிருக்கலாம். கழுத்து, தோள், இடுப்பு எல்லாம் ஒரே கோட்டில் நின்றன. அப்படியே நின்றுகொண்டு, ஊரிலேயே உயர்ந்த மீன் என் மேசையில் இருப்பதை லூயி எப்போது கவனிப்பான் என்று காத்திருந்தேன். அவன் என் மேசைப் பக்கம் திரும்பவே இல்லை. தன் பொட்டலத்தைப் பிரித்தான். பண்டிகைக்குத் துணி கிடைத்த பிள்ளை மாதிரி முகம் மலர்ந்து, அறையே கேட்கக் கூவினான்: "அட, சங்கரா! எங்கப்பாவுக்கு உசுராச்சே, எப்படித் தெரிஞ்சுது இவங்களுக்கு?"

இத்தனை வருஷமாக ஊரார் முதுகைப் பார்த்துத்தான் பிழைக்கிறேன் என்று பெயர்; ஆனால் கணக்குப் பார்த்தால், அதில் பாதி நேரம் நான் பார்த்துக்கொண்டிருந்தது ஒரே ஒருத்தன் முதுகைத்தான்.